கடற்கரையில் முன்பின் தெரியாதவர்களை இயல்பாகப் படம் எடுப்பது எப்படி? கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டுமா?

கேட்டுவிட்டு எடுத்தால் எல்லோரும் விறைத்து நிற்கிறார்கள், கேட்காமல் எடுத்தால் திருட்டுத்தனமாக இருக்கிறது, என்னதான் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நடுவில் ஒரு வழி இருக்கிறது. கேமராவை எல்லோர் கண்ணிலும் படும்படி கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரே இடத்தில் அரை மணி நேரம் நில்லுங்கள். கொஞ்ச நேரம் உங்களைப் பார்ப்பார்கள், யாருப்பா இது என்று தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். அப்புறம் அலை வரும், பிள்ளை தண்ணீருக்குள் ஓடும், சுண்டல்காரர் மீதிச் சில்லறையைத் தேடிக்கொண்டிருப்பார், உங்களைக் கவனிக்க யாருக்கும் நேரம் இருக்காது. அப்போது எடுங்கள். ஒளிந்துகொண்டு எடுத்த படத்துக்கும் இப்படி எடுத்த படத்துக்கும் வித்தியாசம் படத்திலேயே தெரியும்.

நான் கடலூர்க்காரன். அதிகம் எடுப்பது எங்கள் ஊர் வெள்ளி கடற்கரையில் (சில்வர் பீச்), விடிகாலைப் படம் வேண்டுமென்றால் பஸ் ஏறிப் புதுச்சேரி கடற்கரைச் சாலைக்குப் போய்விடுவேன். இரண்டு இடத்திலும் நீளமான ஜூம் லென்ஸோடு தூரத்தில் உட்கார்ந்து எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நூறு அடி தள்ளி நிற்பவருக்கு நீங்கள் எடுப்பதே தெரியாது, தெரியாததால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் உரிமையும் அவருக்கு இல்லாமல் போகிறது. 35 மிமீ லென்ஸ் போதும். அதன் துளை அளவை (அப்பர்ச்சர்) எஃப்8இல் வைத்து, ஃபோகஸை மூன்று மீட்டரில் நிறுத்திவிட்டால் சுமார் இரண்டு மீட்டரிலிருந்து ஏழு மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும். ஷட்டர் வேகம் 1/500 நொடியைவிட மெதுவாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அலையும் பிள்ளைகளும் ஓரிடத்தில் நிற்பதில்லை. செல்போனா, சரி, ஜூம் பண்ணாமல் நாலு எட்டு முன்னால் போங்கள். ஈர மணலும் நுரையும் வெளிச்சத்தை அள்ளி வீசுவதால் கேமரா ஏமாந்து முகங்களைக் கருக்கிவிடும், எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, ஒரு படி ஏற்றி வைத்தால் நம் ஊர் முகங்கள் உள்ளபடி வரும். உப்புக் காற்றில் நின்றுகொண்டு லென்ஸை மட்டும் மாற்றாதீர்கள்.

வெளிச்சத்தைப் பற்றிப் பலர் தவறாகச் சொல்கிறார்கள். நம் கடல் கிழக்கே இருக்கிறது, அதனால் கடலில் சூரியன் மறையும் படங்களை வைத்துச் சொல்லும் யோசனைகள் இங்கே எடுபடாது. காலையில் கடலைப் பார்த்து நிற்பவர் முகத்தில் வெயில் நேராக விழும். புதுச்சேரியில் காந்தி சிலைப் பக்கம் சூரியன் எழும் நேரத்தில் நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள்கூட ஒரு நிமிடம் நின்று பார்ப்பார்கள், அந்த முகங்களை எடுக்க நீங்கள் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும் (பாறைகளில் இறங்க வேண்டாம், பாசி வழுக்கும்). காலை ஏழரை வரைக்கும் அந்தச் சாலையில் வண்டிகளை விடுவதில்லை என்பதால் நிம்மதியாக நிற்கலாம். மாலையில் எல்லாம் தலைகீழ். சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்குகிறது, கடலைப் பார்த்து நிற்பவரின் முதுகில்தான் வெயில். ஆனால் குளித்துவிட்டுக் கரையேறுபவர் முகத்தில் அந்த மஞ்சள் வெயில் முழுசாக விழும், சிரிப்பும் இன்னும் அடங்கியிருக்காது. வெள்ளி கடற்கரையில் ஞாயிறு சாயங்காலம் நான் காத்திருப்பது அதற்காகத்தான்.

எனக்கு ரொம்பப் பிடித்த என் படம் ஒன்று அங்கே எடுத்தது. கடலுக்கு வெகு தூரத்தில் இருக்கும் ஊரிலிருந்து வேனில் வந்த மூன்று அம்மாக்கள், முதல் தடவையாகக் கடல் பார்க்கிறார்கள், கைகோத்துக்கொண்டு சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நிற்கிறார்கள். அலை திரும்பிப் போகும்போது காலடி மணல் அரிக்கும் இல்லையா, அந்த நொடி. ஒருவர் கண்ணை இறுக மூடிக் கத்துகிறார், நடுவில் இருப்பவர் குனிந்து தன் காலையே பார்க்கிறார், மூன்றாமவர் மட்டும் கரையில் நிற்கும் பேரனைப் பார்த்து ஏதோ சொல்கிறார். எடுத்ததும் கேமராவை நீட்டிக் காட்டினேன். "ஏம்ப்பா, வாயப் பொளந்துகிட்டு நிக்கிறனே, இதப் போயி எடுத்திருக்க" என்றார் முதலாமவர். "நல்லாருக்குக்கா, பாருங்க" என்றேன். மூன்று பேரும் மாற்றி மாற்றிப் பார்த்துச் சிரித்தார்கள், பேரன் நம்பர் கொடுத்தான், அனுப்பிவைத்தேன். கேட்டுவிட்டு எடுத்திருந்தால் கைகளை விட்டுவிட்டு வரிசையாக நின்றிருப்பார்கள்.

பிரான்ஸ் நாட்டு ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸான், தெருவில் இயல்பாகப் படம் எடுப்பவர்கள் எல்லோரும் பேர் சொல்லும் மனிதர், கேமராவின் பளபளப்பு தெரியாமலிருக்கக் கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டு திரிந்தவர். அவரே 1950 ஏப்ரலில் புதுச்சேரிக்கு வந்தபோது, பல வருடங்களாக யாரையும் படமெடுக்க விடாத ஸ்ரீ அரவிந்தரை அனுமதி வாங்கித்தான் எடுத்தார். அதே வருடம் டிசம்பர் 5ஆம் தேதி அரவிந்தர் காலமாகிவிட்டார். அந்த அனுமதி கிடைக்காமல் போயிருந்தால் அவருடைய கடைசிக் காலப் படங்கள் இன்று இருந்திருக்காது. எங்கே கேட்க வேண்டும் என்று தெரிவதும் இந்த வேலையில் பாதி.

எங்கே எடுக்கவே கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நனைந்த துணியோடு இருக்கும் பெண்களைக் குறிவைத்து எடுக்காதீர்கள், அழகு, கலை என்று எந்தக் காரணமும் சொல்ல வேண்டாம். மாமியார் சேலையை விரித்து மறைப்பாகப் பிடிக்க, மருமகள் அதன் பின்னால் துணி மாற்றுவது நம் கடற்கரைகளில் தினமும் நடப்பது, அந்தப் பக்கம் கேமராவே திரும்பக்கூடாது. பொது இடத்தில் படம் எடுக்கப் பொதுவான தடை கிடையாதுதான், ஆனால் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆவது பிரிவில் இப்படி ஒரு பெண்ணின் தனிமையைப் படமெடுப்பது குற்றம், பரப்பினாலும் குற்றம். அமாவாசையில் தர்ப்பணம் கொடுப்பவர்களையும் கிட்டே போய் எடுக்க வேண்டாம். மாசி மகம் வேறு, சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து நிற்க ஊரே செல்போனைத் தூக்கிக்கொண்டு நிற்கும், தாராளமாக எடுங்கள்.

டிசம்பர் 26 அன்று மட்டும் நான் கேமராவை வீட்டில் வைத்துவிடுகிறேன். 2004 சுனாமியில், வெள்ளி கடற்கரை இருக்கும் மீனவர் ஊரான தேவனாம்பட்டினம் இழந்தது கொஞ்சநஞ்சமல்ல, வருடாவருடம் அன்றைக்குப் பெண்கள் கடலில் பாலூற்றி அழுகிறார்கள். பத்திரிகைக்காரர்களுக்கு அது கடமை. நமக்கு அங்கே வேலை இல்லை.

மீனவர் குப்பத்தில் மணல் என்பது அவர்கள் வேலை செய்யும் இடம், வீட்டு வாசலும் அதுதான். விசைப்படகுகளுக்கான தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், வலை சரிபார்ப்பதும் படகுக்குப் பெயின்ட் அடிப்பதுமாகக் கரையிலேயே இருப்பார்கள். அப்போது போங்கள். முதல் நாள் பேச்சு மட்டும் போதும். ஒரு அண்ணன் என்னிடம் "எங்கள எடுத்துப் போட்டு ஒனக்கு எவ்ளோ வருது?" என்று நேரடியாகவே கேட்டார், ஒன்றும் வருவதில்லை என்று உண்மையைச் சொன்னேன், உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார்.

யாராவது அழிக்கச் சொன்னால் காரணம் கேட்காமல் அவர் கண்ணெதிரே அழித்துவிடுங்கள், எவ்வளவு நல்ல படமாக இருந்தாலும் சரி. குழந்தைகள் முகம் தெரியும் படத்தை அப்பா அம்மாவிடம் கேட்காமல் இணையத்தில் போடாதீர்கள். படம் கேட்பவர்களுக்கு அன்று ராத்திரியே அனுப்பிவிடுங்கள், அடுத்த ஞாயிறு அதே மணலில் போய் நிற்கப்போவது நீங்கள்தானே.