சம்பந்தி வீட்டுக் குடிலில் குழந்தை எங்கே?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மகன், உடன் வேலை பார்த்த குவாத்தமாலா நாட்டுப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். நல்ல பெண். போன டிசம்பர் 19-ம் தேதி நானும் என் கணவரும் அந்திகுவா ஊரில் இருக்கும் சம்பந்தி வீட்டுக்குப் போனோம். ஹால் தரை முழுக்கப் பச்சை ஊசியிலை இறைந்து கிடந்தது. மறுநாள் விடியற்காலையில் எழுந்து பெருக்கித் தள்ளினேன். கிறிஸ்துமஸ் குடிலில் மேரி மாதா இருக்கிறார், ஜோசப் இருக்கிறார், நடுவில் தொட்டில் மட்டும் காலி. குழந்தை பொம்மை அலமாரியில் துணி சுற்றி இருந்தது. மறந்துவிட்டார்கள் போல என்று எடுத்து வைத்தேன். சம்பந்தியம்மா வந்து, ஒரு வார்த்தை பேசாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அப்புறம் சமையலறையில் ஒரே சிரிப்பு. இந்துவான நான் தொட்டது பிடிக்கவில்லையோ என்று இன்னும் உறுத்துகிறது. இந்த வருடமும் கூப்பிடுகிறார்கள். போகலாமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: தாராளமாகப் போங்கள். நீங்கள் தொட்டதில் ஒன்றும் இல்லை. நாலு நாள் முன்னாலேயே பிரசவம் பார்த்துவிட்டீர்கள், அதுதான் சிரிப்பு.

அங்கே குடிலுக்கு நாசிமியெந்தோ என்று பெயர். 'பிறப்பு' என்றுதான் அர்த்தம். டிசம்பர் 24 நள்ளிரவுக்குத்தான் குழந்தை பிறக்கும், அதுவரை தொட்டில் காலியாகத்தான் இருக்கும். நம் ஊர்க் கத்தோலிக்க வீடுகளிலும் இந்த வழக்கம் உண்டு. உங்கள் சம்பந்தியம்மாவுக்குத் தமிழ் தெரியாது, உங்களுக்கு ஸ்பானிஷ் தெரியாது. பேசாமல் தூக்கிக்கொண்டு போனதற்கு அதற்கு மேல் காரணம் தேட வேண்டாம்.

அந்த ஊசியிலை விஷயம்தான் எனக்குக் கொஞ்சம் வருத்தம். அது பைன் மரத்தின் இலை. விசேஷ நாட்களில் வாசனைக்காகத் தரையில் பரப்புவார்கள். மிதிக்க மிதிக்க மணக்கும். நாம் மெனக்கெட்டுப் போட்ட கோலத்தை விருந்தாளி வந்து ஈரத்துணியால் துடைத்த மாதிரி ஆகிவிட்டது. பெருக்கியே ஆக வேண்டும் என்று கை பரபரத்தால் இந்த முறை டிசம்பர் முதல் வாரமே போய்விடுங்கள். 7-ம் தேதி மாலை 6 மணிக்குச் சாத்தானை எரிப்பார்கள். வீட்டைக் கூட்டி, பழைய குப்பையைத் தெருவில் குவித்து, கொம்பு வைத்த பொம்மையையும் சேர்த்துக் கொளுத்துவார்கள். மறுநாள் மாதாவின் அமல உற்பவத் திருநாள், அதற்காக வீட்டைச் சுத்தம் செய்வது. நம் போகியேதான். உங்கள் துடைப்பத்துக்கு அன்றைக்கு நல்ல மரியாதை கிடைக்கும்.

முன்னதாகப் போனால் குடில் கட்டுவதையும் பார்க்கலாம். பார்ப்பதென்ன, கூடவே உட்கார்ந்துவிடுங்கள். காகிதத்தையோ துணியையோ கசக்கி வண்ணம் அடித்தால் மலை. பாசி பரப்பினால் புல்வெளி. முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு ஏரியாகும். சாயம் ஏற்றிய மரத்தூளால் வயலும் பாதையும் போடுவார்கள். இதே மரத்தூளில்தான் ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் அந்திகுவா தெருக்களில் பெரிய பெரிய கம்பளங்கள் வரைவார்கள், கோலம் போட்டுப் பழகிய கை சும்மா இருக்காது. மேலே, நெல்லிக்காய் போன்ற மஞ்சள் நிற மன்சானியா பழங்களைச் சரமாகக் கோத்துத் தொங்கவிடுவார்கள். சரம் தொடுக்க உங்களுக்கு யார் சொல்லித்தர வேண்டும்?

குடிலில் அளவுப் பொருத்தம் யாரும் பார்ப்பதில்லை. வீட்டைவிடப் பெரிய கோழி நிற்கும். மாயா உடை அணிந்த பெண், விறகு சுமப்பவர் என்று அந்த ஊர் மனிதர்கள் எல்லாரும் பெத்லகேமுக்கு வந்திருப்பார்கள். அதனால் ஒரு யோசனை: பட்டுப் புடவை வாங்கிக்கொண்டு போவதைவிட, கொலுவுக்கு வைக்கும் காகிதக்கூழ்ச் செட்டியார் பொம்மை ஒரு ஜோடி வாங்கிப் போங்கள். கனமும் இல்லை, பெட்டியில் உடையவும் உடையாது. எங்கே வைக்கலாம் என்று சம்பந்தியம்மாவையே கேளுங்கள்.

இதையெல்லாம் அங்கே தொடங்கிவைத்தவர் என்று எர்மானோ பெத்ரோவைச் சொல்வார்கள். 'பெத்ரோ அண்ணா' என்று வைத்துக்கொள்ளுங்கள். 1626-ல் ஸ்பெயினின் தெனெரிஃபே தீவில் பிறந்து, 1651-ல் குவாத்தமாலாவுக்கு வந்து, ஏழை நோயாளிகளைப் பராமரித்தே வாழ்ந்து 1667-ல் இறந்தவர். 2002-ல் போப் இரண்டாம் ஜான் பால் குவாத்தமாலாவுக்கே வந்து புனிதர் பட்டம் கொடுத்தார். கல்லறை அந்திகுவாவின் சான் பிரான்சிஸ்கோ கோயிலில் இருக்கிறது. ஒருநாள் அங்கே அழைத்துப் போகச் சொல்லுங்கள், சம்பந்தி வீட்டாருக்குச் சந்தோஷமாக இருக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒன்பது இரவுகளும் போசாதா நடக்கும். மேரி, ஜோசப் சிலைகளைத் தூக்கிக்கொண்டு, விளக்கோடு ஊர்வலமாக வந்து ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். ஆமை ஓட்டைக் குச்சியால் தட்டும் சத்தம் 'துக்குத்திக்குத்து' என்று தூரத்திலேயே கேட்கும். வெளியே நிற்பவர்கள் தங்க இடம் கேட்டுப் பாடுவார்கள். உள்ளே இருப்பவர்கள் இடமில்லை, போங்கள் என்று பதில் பாடுவார்கள். உங்களை எனக்குத் தெரியும், 'ஐயோ பாவம், பிள்ளைத்தாய்ச்சி' என்று ஓடிப்போய்த் தாழ்ப்பாளைத் திறந்துவிடுவீர்கள். வேண்டாம். பாட்டு முடிந்ததும் அவர்களே திறப்பார்கள்.

சாப்பாடு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 24 இரவு விருந்தே நள்ளிரவுக்குத்தான். முக்கியப் பண்டம் தமால்: மக்காச்சோள மாவுக்குள் குழம்பும் இறைச்சியும் வைத்து, இலையில் மடித்து வேகவைப்பது. (பெயரைப் பார்த்து நம் மொழியோடு உறவு கொண்டாட வேண்டாம், அது மெக்சிகோவின் 'நாவாட்டில்' என்ற மொழிச் சொல்.) நீங்கள் சைவம் என்றால், உள்ளே இருக்கும் இறைச்சியை ஒதுக்கினால் போதாது. மாவிலேயே பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம். மருமகளிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அன்னாசி, ஆப்பிள், உலர்ந்த திராட்சை, பட்டை போட்டுக் கொதிக்கவைத்த சூடான போன்சே குடிக்கலாம். பெரியவர்களுக்கானதில் சில சமயம் ரம் ஊற்றுவார்கள், கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

பிப்ரவரி 2 வரை குடிலைக் கலைக்க மாட்டார்கள். நடுவில் ஒருநாள் குழந்தையைக் காணோம் என்றால் உங்கள் மேல்தான் சந்தேகப்படுவார்கள் என்று பதறாதீர்கள். தெரிந்தவர்களே திருடிப்போய், பிறகு கொண்டாட்டமாகத் திருப்பிக் கொண்டுவந்து தரும் வழக்கம் அங்கே உண்டு.

நள்ளிரவில் ஊரே வெடிக்கும், 25-ம் தேதி பகல் 12 மணிக்கு மறுபடியும் வெடிக்கும். அந்த இரவுச் சத்தத்துக்கு நடுவில்தான் குழந்தையைத் தொட்டிலில் வைப்பார்கள். முத்தமிடச் சொல்லி உங்கள் கையிலும் கொடுக்கலாம். எட்டரை மணிக்கே படுத்துவிடும் ஆள் நீங்கள் என்று தோன்றுகிறது, அதனால் அன்று மத்தியானமே ஒரு தூக்கம் போட்டுவிடுங்கள்.