தலைசுற்றல் நின்றுவிட்டது, நடை மட்டும் ஏன் இழுக்கிறது?

கேள்வி: வயது 56. இரண்டு மாதத்துக்கு முன் ஒருநாள் காலை வீடே சுழன்று, வாந்தி எடுத்து, மூன்று நாள் படுத்துக் கிடந்தேன். இப்போது சுற்றல் இல்லை, ஆனால் நடந்தால் இடப்பக்கம் இழுக்கிறது, இரவில் சுவரைப் பிடிக்காமல் பாத்ரூம் போக முடியவில்லை. ஸ்கேன் நார்மல். காது நரம்புக் கோளாறு என்கிறார்கள், எனக்குக் காது நன்றாகத்தானே கேட்கிறது? தலைசுற்றல் மாத்திரை இன்னும் போடுகிறேன்.

பதில்: கேட்கத்தான் செய்யும். உள்காதில் கேட்பதற்கு நத்தை ஓடு மாதிரி ஒரு பகுதி. அதை ஒட்டியே மூன்று அரைவட்டக் குழல்களும் இரண்டு சின்னப் பைகளும் இருக்கின்றன, தலை எப்படித் திரும்புகிறது, சாய்கிறது என்று மூளைக்குச் சொல்வது அவைதான். அந்தச் சேதியைக் கொண்டுபோகும் நரம்பு உங்களுக்கு அநேகமாக இடப்பக்கம் அடிவாங்கியிருக்கிறது. வலது காது மட்டும் பேசிக்கொண்டிருப்பதால் மூளைக்குக் கணக்கு தப்புகிறது, உடம்பு நலிந்த பக்கமே சாய்கிறது.

அந்தக் குறையை இத்தனை நாளாகக் கண்ணும் பாதமும் ஈடுகட்டுகின்றன. விளக்கை அணைத்தால் கண்ணும் போச்சு. மெத்தை மேலும் கடற்கரை மணலிலும் தடுமாறினால் அதே கதைதான், அங்கே பாதம் கைவிடுகிறது. சர்க்கரை இருந்து பாதம் மரத்திருந்தால் இன்னும் சிரமம், அதையும் பார்த்துவிடுங்கள்.

இப்படி வருகிறவர்களை வராந்தாவில் நடக்கச் சொல்வேன். காலை அகட்டி, தலையில் தண்ணீர்க் குடம் வைத்த மாதிரி கழுத்தை ஆட்டாமல் வருவார்கள். தலையை இரண்டு பக்கமும் திருப்பிக்கொண்டே நடங்க என்றால், இரண்டாவது அடியிலேயே கை சுவரைத் தேடும். இதில் ஒரு வேடிக்கை, மெதுவாகப் பார்த்துப் பார்த்து நடந்தால்தான் இழுப்பு அதிகம், கொஞ்சம் வேகமாக நடந்தால் குறையும். அதற்காக ஓட ஆரம்பித்துவிடாதீர்கள்!

மாத்திரை முதல் சில நாளுக்குத்தான். இருக்கிற சேதியை வைத்து நடக்க மூளை பழக வேண்டும், சுற்றலை அமுக்கும் மாத்திரையும் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொள்வதும் அந்தப் பழக்கத்தைத் தள்ளிப்போடும். உங்கள் மருத்துவரிடம் கேட்டு நிறுத்துங்கள். கட்டைவிரலை நீட்டிப் பிடித்து, பார்வையை அதிலிருந்து எடுக்காமல் தலையை இடமும் வலமும் ஒரு நிமிடம் ஆட்டுங்கள், தினம் மூன்று நான்கு முறை. லேசாகச் சுற்றும், பயப்பட வேண்டாம், ஆனால் முதலில் உட்கார்ந்தே செய்யுங்கள். அப்புறம் பிசியோதெரபிஸ்ட்டிடம் நடைப் பயிற்சி கற்றுக்கொள்ளலாம்.

பேச்சு குழறினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, கைகால் பலமிழந்தாலோ, ஒரு காது திடீரென்று கேட்காமல் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். நடை சரியாகும்வரை பாத்ரூம் வழியில் இரவு முழுக்க ஒரு சின்ன பல்பு எரியட்டும்.