இத்தாலியை இரண்டாகப் பிரித்தால் போதுமா?

வணக்கம். மகளின் பள்ளி ப்ராஜெக்ட்டுக்கு இத்தாலியை வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரித்தால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாதுங்க. இத்தாலி ஒரே ராஜ்யமானதே 1861-இல்தான். வெனிஸ் 1866-இலும் ரோம் 1870-இலும் சேர்ந்தன.

வடக்கே போ ஆற்றுச் சமவெளி. வெர்செல்லி பக்கம் வயலில் தண்ணீர் கட்டி நெல் விளைவிக்கிறார்கள். ரிசொட்டோ என்ற குழைவான அரிசிச் சோறு அந்த மண்ணின் சாப்பாடு. ஆல்ப்ஸ் ஓரத்துத் தெற்கு டிரோல் என்ற வடக்குப் பகுதி, முதல் உலகப் போருக்குப் பிறகு ஆஸ்திரியாவிடமிருந்து வந்தது. அங்கே இன்றும் பெரும்பாலானோருக்குத் தாய்மொழி ஜெர்மன்.

சிசிலிக்குக் கண்டிப்பாகத் தனிப் பக்கம் ஒதுக்கச் சொல்லுங்கள். கிரேக்கர், ரோமர், அரபியர், வடக்கு பிரான்சிலிருந்து வந்த நார்மன்கள் என்று எல்லோரும் ஆண்ட தீவு அது. பலெர்மோ அரண்மனையில் நார்மன் மன்னர் இரண்டாம் ரோஜர் கட்டிய தேவாலயத்தின் படத்தைக் காட்டுங்கள். சுவரெல்லாம் பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசின்) பாணியில் சிறு வண்ணத் துண்டுகளைப் பதித்த மொசைக் படங்கள்; அண்ணாந்து பார்த்தால் அரபு பாணியில் செதுக்கி வண்ணம் தீட்டிய மரக்கூரை. ஒரே அறையில் இத்தனை வரலாறு! குழந்தைக்கு நிச்சயம் பிடிக்கும்.

அப்புறம், இத்தாலி ஒன்றாவதற்கு முன்பு பல நாடுகளாக இருந்த 1859-ஆம் ஆண்டு வரைபடத்தையும் இன்றைய 20 மாநிலங்களின் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். பாதி விளக்கம் அதிலேயே வந்துவிடும்.