கடலோர நெல் ஊரில் விடிகாலைப் புகை: ஜன்னலை எப்போது திறப்பது?

கேள்வி: சீர்காழிப் பக்கம், கடலிலிருந்து பத்து கிலோமீட்டர் உள்ளே குடியிருக்கிறோம். தை பிறந்ததிலிருந்து மாசி வரை, விடிகாலையில் ஒன்பது வயது மகளுக்கு இருமலும் வீசிங்கும் வருகிறது. போன் செயலி காற்றுத் தரக் குறியீடு 100 என்கிறது, வாங்கி வைத்த கருவி 150-க்கு மேல் காட்டுகிறது. எதை நம்புவது? ஜன்னலைத் திறக்கலாமா? ஏர் பியூரிஃபயர் வாங்க வேண்டுமா?

பதில்: இரண்டு எண்ணும் சரியாகவே இருக்கலாம். ஒரு கனமீட்டர் காற்றில் பி.எம். 2.5 நுண்துகள் 60 மைக்ரோகிராம் இருந்தால், இந்தியக் குறியீட்டில் அது 100. அமெரிக்கக் குறியீட்டில் அதே காற்று 150-ஐத் தாண்டிவிடும். கடையில் விற்கும் கருவிகள் பல அமெரிக்கக் கணக்கில் ஓடுபவை. ஆகவே குறியீட்டை விட்டுவிட்டு, இரண்டிலும் மைக்ரோகிராம் எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள். 24 மணி நேரச் சராசரிக்கு இந்திய வரம்பு 60, உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன அளவு 15. செயலி எந்த நிலையத்தின் எண்ணைக் காட்டுகிறது என்றும் பாருங்கள். நிலையம் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தால், உங்கள் ஊர் வயலில் எரியும் வைக்கோல் அதற்குத் தெரியாது.

கருவிக்கும் ஒரு குறை உண்டு. துகள் மேல் பட்டு லேசர் ஒளி சிதறுவதை வைத்துத்தான் அது கணக்கிடுகிறது. ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத் துகளும் புகைத் துகளும் நீரை உறிஞ்சி ஊதிவிடும், மூடுபனித் துளியும் துகள் கணக்கில் சேர்ந்துவிடும். எனவே பனி கொட்டும் காலை 6 மணி எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பனி இறங்குவதற்கு முன், மாலை 6 முதல் 8 வரை எண் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். அந்த ஏற்றம் பெரும்பாலும் புகைதான்.

கடல் பக்கத்தில் இருந்தும் ஏன் இப்படி? சம்பா அறுவடை தையில். அறுவடை மெஷின் போன வயலில் வைக்கோல் வரிவரியாகக் கிடக்கும், சிலர் மாலையில் தீ வைப்பார்கள். வானம் தெளிந்த தை இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து அடியில் தங்கிவிடும். மேலே வெதுவெதுப்பான காற்று மூடி போட்டதுபோல் இருப்பதால் புகை எழும்ப வழியில்லை. இரவில் வீசுவதும் கரைக்காற்று. அது கடலைத் துடைத்து வருவதில்லை, மேற்கே உள்ள வயல் புகையை உங்கள் பக்கம் மெல்லத் தள்ளும். வெயில் ஏறித் தரை சூடானால்தான் மூடி கலையும், பிறகு கடல்காற்று வரும். ஆக நீங்கள் பார்க்க வேண்டியது மாதத்தைவிட மணியை.

ஜன்னலைப் பகல் 11 முதல் 4 வரை அகலத் திறந்து வையுங்கள். மாலை ஐந்தரைக்குச் சாத்தி, காலை 9 வரை திறக்க வேண்டாம். விடிகாலை வாசல் தெளிக்க, கோலம் போட மகளை அனுப்பாதீர்கள். ஓட்டு வீட்டில் எல்லா இடுக்கையும் அடைக்க முடியாது. அவள் தூங்கும் ஒரு அறையை மட்டும் ஒழுங்காக அடைத்தால் போதும். ஜன்னலில் ஈரத்துணி தொங்கவிடுவது தூசிக்கு ஓரளவு உதவும், புகைக்கு உதவாது.

அறையைச் சாத்திவிட்டு உள்ளே கொசுவத்தி கொளுத்துவதுதான் பல வீடுகளில் நடக்கும் பெரிய கேடு. ஒரு சுருள் முழுக்க எரிந்தால் 75 முதல் 137 சிகரெட் விடும் அளவு நுண்துகள் வருவதாக 2003-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கொசுவலை கட்டுங்கள். சாம்பிராணியும் அந்த அறைக்கு வேண்டாம்.

இவ்வளவும் செய்த பிறகுதான் பியூரிஃபயர். அறை 10-க்கு 12 அடி, உயரம் 10 அடி என்றால் 1,200 கன அடி, அதாவது சுமார் 34 கனமீட்டர். மணிக்கு ஐந்து முறை காற்று சுத்தமாக வேண்டுமானால் 34 x 5 = 170. பெட்டியில் சி.ஏ.டி.ஆர். (எவ்வளவு சுத்தக் காற்று தரும் என்ற அளவு) என்ற இடத்தில் மணிக்கு 170 கனமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். கசியும் அறைக்கு 250 பாருங்கள். நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் ரகமே போதும். ஓசோன் விடும் ரகம் கூடாது, அது வீசிங்கைக் கூட்டும். மாற்று ஃபில்டரின் விலையை முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

நெல் தூற்றும் களத்திலும் கொள்முதல் நிலையத்திலும் பறக்கும் சுனை வேறு வகை. துகள் பெரியது, தும்மலும் கண்ணரிப்பும் தரும், தள்ளி நின்றாலே பாதி தீரும். ஐப்பசி, கார்த்திகையில் மழையே காற்றைக் கழுவிவிடும், அப்போது இந்தக் கெடுபிடி வேண்டாம்.

மருத்துவரை மார்கழியிலேயே பார்த்து, தடுப்பு இன்ஹேலர் பற்றிக் கேளுங்கள். கொடுத்ததை நன்றாக இருக்கிறாள் என்று நிறுத்தாதீர்கள். மூச்சு வாங்கிப் பேச முடியாமல் போனாலோ, விலா உள்ளே இழுத்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ உடனே 108.

வயல்காரரிடமும் பேசிப் பாருங்கள். உளுந்து, பயறு தெளித்த வயலில் தீ வைக்க மாட்டார்கள், முளைத்தது கருகிவிடும். மற்ற வயலில் வைக்கோலைக் கட்டு கட்டும் மெஷினுக்கு விட்டால் மாட்டுத் தீவனமாக விலை போகும். எரித்தால் அதிலுள்ள தழைச்சத்து ஏறக்குறைய முழுவதும் போய்விடும். எரித்தே தீருவேன் என்பவரிடம் மாலையில் மட்டும் வேண்டாம் என்று கேளுங்கள். பகல் 12 முதல் 2 வரை என்றால் புகை மேலே எழும்பிக் கலையும். மிச்சத்தைக் கடல்காற்று மேற்கே தள்ளும். மேற்கே இருக்கிற ஊருக்கு அது நல்ல செய்தி இல்லைதான்.