வாசகர் கேள்வி பதில்: மடிப்புக்குள் ஒரு கணக்கு

கேள்வி: தாளைப் பாதியாகவும் காலாகவும் மடிக்கலாம், அளவுகோல் இல்லாமல் சரியாக மூன்று பங்காக மடிக்க முடியுமா என்று ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் கேட்கிறாள். கண்மதிப்பில் மடித்துக் காட்டினால் ஏற்க மறுக்கிறாள்.
- வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: கண்மதிப்பை ஏற்காத பிள்ளைக்கு முதலில் என் பாராட்டு. பக்கம் 24 செ.மீ. உள்ள ஒரு சதுரத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த அளவு கணக்கு முழு எண்ணில் வருவதற்காகத்தான், எந்தச் சதுரமும் போதும். மேல் விளிம்பின் நடுப்புள்ளியைச் சிறு மடிப்பால் குறித்துவிட்டு, கீழ் வலது மூலையைத் தூக்கி அந்தப் புள்ளியில் பொருத்தி அழுத்துங்கள். இப்போது சாய்ந்து கிடக்கும் பழைய கீழ் விளிம்பு இடது விளிம்பை வெட்டும் இடம், கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இருக்கும்.

வலது மேல் மூலையில் உண்டாகும் செங்கோண முக்கோணத்தின் ஒரு பக்கம் 12 செ.மீ.; மற்றொரு பக்கமும் கர்ணமும் முன்பு வலது விளிம்பாக இருந்தவை ஆதலால் இரண்டும் சேர்ந்து 24. பிதாகரஸ் தேற்றப்படி அவை 9, 15 ஆகத்தான் இருக்க முடியும். மடிந்து வந்த மூலையும் செங்கோணமே என்பதால் இடது மேல் முக்கோணம் இதற்கு வடிவொத்ததாகி, 12, 16, 20 என்ற பக்கங்களைப் பெறுகிறது. 24-இல் 16 போக மீதி 8. சதுரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குட்டி முக்கோணத்தையும் மகளை அளக்கச் சொல்லுங்கள். 3, 4, 5 என்று வருவதைப் பார்த்தபின் அவள் தாளைக் கீழே வைக்கமாட்டாள்.

இதைக் கண்டவர் ஜப்பானிய உயிரியல் பேராசிரியர் கசுவோ ஹாகா. ஆனால் காகித மடிப்பைக் கொண்டே வடிவியல் கற்பிக்கும் ஆங்கில நூலொன்றைச் சுந்தர ராவ் 1893-லேயே சென்னையில் வெளியிட்டுவிட்டார் என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம்.

கேள்வி: ஒரே வரிசையில் ஒட்டியிருக்கும் நான்கு தபால்தலைகளுக்கு 1, 2, 3, 4 என்று எண்ணிட்டு, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி மடித்தால் எல்லா வரிசைகளும் கிடைக்குமா?
- வாசகர், பாளையங்கோட்டை

பதில்: கிடைக்காது. எழுதிப் பார்த்தால் 24 வரிசைகள். மடித்துப் பார்த்தால் 16 மட்டுமே. முதல் மடிப்பும் மூன்றாம் மடிப்பும் அடுக்கின் ஒரே பக்கத்தில் விழுவதால், 1, 3, 2, 4 போன்ற எட்டு வரிசைகளில் ஒரு மடிப்பு மற்றொன்றை ஊடறுத்தாக வேண்டும். தாளைக் கிழிக்காமல் அது ஆகாது. மூன்று தலைகளுக்கு இந்தச் சிக்கலே இல்லை, ஆறும் கிடைக்கும்.

கேள்வி: பெட்டி முடைய வைத்திருந்த பனங்குருத்தோலையில் ஒரு கீற்றை எடுத்துச் சாதாரண முடிச்சாகப் போட்டுத் தட்டையாக அழுத்தினேன்; ஐங்கோணம் வந்தது. தற்செயலா?
- வாசகி, திசையன்விளை

பதில்: தற்செயல் இல்லை, கீற்றின் அகலம் எங்கும் ஒன்றாக இருந்தால் ஒழுங்கு ஐங்கோணமே வரும். மடிப்புக்கும் மடிப்புக்கும் இடைப்பட்ட துண்டு ஒவ்வொன்றும் ஒரே அளவுள்ள சரிவகம். அதன் சிறிய இணைபக்கம் ஐங்கோணத்தின் பக்கம், பெரியது மூலைவிட்டம். பெரியதைச் சிறியதால் வகுத்தால் ஏறத்தாழ 1.618. ஓலையில் ஒளி ஊடுருவாது என்பதால் அடுத்த முறை மெல்லிய காகிதக் கீற்றில் முடிச்சிட்டு, ஒரு நுனியை இன்னொரு முறை ஐங்கோணத்தின்மேல் மடித்து, விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். உள்ளே ஐந்துமுனை நட்சத்திரம் முழுதாகத் தெரியும்.