நாற்பது படியும் இரண்டு ஊன்றுகோலும்

கேள்வி: அக்கா, நான் இலங்கையில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். வயது 34. பத்து நாளைக்கு முன் மழையில் எங்கள் லயத்து வரிசை வீட்டுப் படியில் வழுக்கி விழுந்ததில் இடது பாதத்தில் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு முறிந்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டுப் போட்டு, ஆறு கிழமைக்குக் காலை ஊன்றவே கூடாது என்று சொல்லி இரண்டு கிரச்சஸ் தந்து அனுப்பினார்கள். ஆஸ்பத்திரி நடையில் நாலு எட்டு நடக்கச் சொல்லிக் காட்டியதோடு சரி. இப்போது கக்கம் இரண்டும் புண்ணாகிவிட்டது. ரோட்டிலிருந்து வீட்டுக்கு 40 படி. கக்கூஸ் வெளியே. நாலு வயது மகன் தூக்கச் சொல்லி அழுகிறான். எப்படிச் சமாளிப்பது? மறுபடி மலைக்குக் கொழுந்தெடுக்கப் போக முடியுமா?

தங்கச்சி, நான் பிசியோதெரபிஸ்ட். ஆனால் வளர்ந்தது லயத்துக் காம்பராவில்தான். மழை நாளில் அந்தப் படிகள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி நடை சமதரை, காய்ந்த தரை. அங்கே கற்ற நாலு எட்டு உங்கள் வாசலுக்கு வந்ததும் உதவாமல் போனது உங்கள் பிழை இல்லை.

முதலில் கக்கத்துப் புண். ஊன்றுகோலின் மேல்கட்டையைக் கக்கத்தில் கொடுத்துத் தொங்குகிறீர்கள் என்பதற்கு அது அடையாளம். உடம்பின் பாரம் முழுவதும் உள்ளங்கையில்தான் இறங்க வேண்டும். கைக்குப் போகும் நரம்புகள் கக்கத்தின் வழியாகத்தான் போகின்றன. அவற்றை நாள்கணக்கில் நசுக்கினால் மணிக்கட்டைத் தூக்க முடியாமல் கை துவண்டுவிடும். கையில் விறைப்போ மரமரப்போ இப்போதே இருந்தால், அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.

அளவைச் சரிபார்ப்பது பத்து நிமிட வேலை. நல்ல காலில் செருப்பைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நில்லுங்கள். ஊன்றுகோலின் நுனி பாதத்திலிருந்து ஒரு சாண் அளவு பக்கவாட்டிலும் கொஞ்சம் முன்னாலும் இருக்கட்டும். மேல்கட்டைக்கும் கக்கத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடியும் கோட்டுக்கு நேரே கைப்பிடி வர வேண்டும். அப்போது பிடித்து நிற்கையில் முழங்கை லேசாக மடங்கியிருக்கும். மரக் கோல் என்றால் திருகாணியைக் கழற்றி ஓட்டை மாற்றலாம். அலுமினியம் என்றால் பொத்தானை அமுக்கி நகர்த்தி, ‘டக்’ என்று வெளியே வந்ததா என்று பாருங்கள். இரண்டு கோலும் ஒரே ஓட்டையில் இருக்க வேண்டும். நிறையப் பேர் புண்ணுக்கு மேல்கட்டையில் துணியைச் சுற்றிச் சுற்றித் தடிப்பாக்குவார்கள். அதனால் கோல் இன்னும் உயர்ந்து நசுக்கல் கூடும். துணி சுற்ற வேண்டிய இடம் கைப்பிடி. பழைய துவாயைக் கிழித்து இறுக்கமாகச் சுற்றினால் உள்ளங்கை காய்க்காது.

நடக்கும்போது இரண்டு கோலையும் சேர்த்து ஒரு சின்ன எட்டு முன்னே வையுங்கள். மேல்கட்டையை விலாவோடு அணைத்து, கைப்பிடியை அழுத்தி, நல்ல காலை எடுத்து வையுங்கள். எட்டுப் பெரிதானால் கோல் சறுக்கும். நல்ல காலுக்கு ரப்பர் சிலிப்பர் வேண்டாம். பின்பக்கம் வாருள்ள செருப்போ கென்வஸ் சப்பாத்தோ போடுங்கள். நீளப் பாவாடையும் நிலத்தில் இழுபடும் நைட்டியும் ஆறு கிழமைக்குப் பெட்டியில் இருக்கட்டும்.

கோலின் அடியில் இருக்கும் ரப்பர் மூடியைத் தினமும் பாருங்கள். வரிகள் தேய்ந்து வழவழப்பாகிவிட்டால் ஈரச் சிமெந்தில் அது சவர்க்காரம் மாதிரி ஓடும். தேய்ந்ததை மாற்றியே ஆக வேண்டும். பார்மசியிலோ கோல் தந்த இடத்திலோ கேளுங்கள். வெளியே போய்வந்தால் மூடியில் ஒட்டிய சேற்றைத் துடைத்த பிறகே உள்ளே கால் வையுங்கள். தரையில் விரித்த சாக்கையும் எடுத்துவிடுங்கள். அதைப் போல ஆளைக் கவிழ்க்கும் பொருள் வேறில்லை.

இனி அந்த 40 படி. ஏறும்போது நல்ல கால் முதலில், பிறகு கோலும் கட்டுப்போட்ட காலும். இறங்கும்போது கோலும் கட்டுப்போட்ட காலும் முதலில், பிறகு நல்ல கால். எந்தப் பக்கமானாலும் தூக்குவதும் தாங்குவதும் நல்ல காலின் வேலை என்று வைத்துக்கொண்டால் குழம்பாது. கூட வருபவர் எப்போதும் பள்ளத்துப் பக்கம் நிற்க வேண்டும்: நீங்கள் ஏறும்போது பின்னால், இறங்கும்போது முன்னால். உங்கள் கையையோ கோலையோ பிடிக்கக் கூடாது. இடுப்பில் ஒரு துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள், அதைப் பிடிக்கட்டும்.

இதெல்லாம் காய்ந்த படிக்கு. படி நனைந்திருந்தால் நின்றபடி இறங்கவே வேண்டாம். மேல்படியில் உட்காருங்கள். கட்டுப்போட்ட காலை முன்னே நீட்டி, இரண்டு கையையும் பின்னால் ஊன்றி, உட்கார்ந்தபடியே படிப்படியாக இறங்குங்கள். ஏறுவதும் அப்படித்தான், பின்பக்கமாக. அடியில் ஒரு பொலித்தீன் உரப்பையை மடித்துக் கட்டிக்கொள்ளலாம். லயத்தில் நாலு பேர் பார்க்கிறார்களே என்று கூச்சப்படாதீர்கள். இரண்டாவது தடவை விழுந்து மணிக்கட்டையும் முறித்துக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு ஊன்றுகோலும் பிடிக்க முடியாது. வெயில் வரும் ஒரு நாளில் வீட்டுக்காரரை மம்பட்டியால் படியின் பாசியைச் சுரண்டச் சொல்லுங்கள். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டால் இன்னும் நல்லது. ஓரமாக ஒரு கயிறோ மூங்கிலோ உறுதியாகக் கட்ட முடிந்தால் அதுவே கைப்பிடி. அப்போது ஒரு கையால் அதைப் பிடித்து, மறு கையில் ஒரு கோலை ஊன்றி ஏறலாம், மற்றக் கோலைக் கூட வருபவர் கொண்டுவரட்டும்.

எப்படி ஏறுவது என்பதைவிட எத்தனை தடவை ஏறுவது என்பதுதான் பெரிய கேள்வி. மே தொடக்கம் செப்டெம்பர் வரை உங்கள் பக்கம் தென்மேல் பருவமழை விடாது. கிளினிக் நாள் தவிர வேறெதற்கும் அந்தப் படியைத் தொடாதபடி ஆறு கிழமையை அமைத்துக்கொள்ளுங்கள். கிளினிக்குப் போகும்போது ஆட்டோவில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் உள்ளே திருப்பி எடுங்கள். திரும்பி வரும்போது உடம்பு களைத்திருக்கும், விழுவது பெரும்பாலும் அப்போதுதான். பாதிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்க ஓர் இடம் பார்த்து வையுங்கள்.

கக்கூஸ் பற்றி எழுதப் பலர் வெட்கப்படுவார்கள். நீங்கள் எழுதியது நல்லது. ஒற்றைக் காலில் குந்தவே கூடாது. கைபிடியுள்ள பிளாஸ்டிக் கதிரையின் நடுவில் ஓட்டை வெட்டி, ஓரத்தை உரசி மழுக்கி, கக்கூஸ் குழிக்கு மேலே வைத்துவிடுங்கள். நாலு காலும் ஆடாமல் நிற்கிறதா என்று முதலில் இன்னொருவர் உட்கார்ந்து பார்க்கட்டும். வெட்டிய கதிரை பலம் குறைந்தது, அதனால் தடித்த கதிரையாகப் பாருங்கள். இரவில் வெளியே போகவே வேண்டாம். அதே கதிரைக்கு அடியில் மூடியுள்ள வாளி ஒன்று, காம்பராவின் மூலையில், ஒரு சேலை மறைப்போடு. இரவில் போக வேண்டுமே என்று பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடாதீர்கள். அசையாமல் கிடக்கும் காலுக்கு அது கெடுதல்.

குளிப்பதும் உட்கார்ந்துதான். வெளியே தண்ணீர் விழும் பீலிக்குப் போகாதீர்கள். சுடுதண்ணீரை வீட்டுக்கே கொண்டுவரச் சொல்லி, ஒரு கதிரையில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலை வேறொரு முக்காலியில் தூக்கி வையுங்கள். முழங்காலுக்குக் கீழே துவாய் சுற்றி, அதன் மேல் பொலித்தீன் பையைக் கட்டுங்கள். நனைந்துவிட்டால் அடுப்புக்குப் பக்கத்தில் நீட்டிக் காயவைக்கப் பார்க்காதீர்கள். கட்டுக்குள் இருக்கும் தோல் வெந்துவிடும். ஆஸ்பத்திரியில் மாற்றித்தான் ஆக வேண்டும். அரிக்கிறது என்று ஈர்க்குச்சியோ பின்னல் ஊசியோ உள்ளே விடவும் வேண்டாம்.

கோல் பிடித்த கையில் எதையும் தூக்க முடியாது. அதனால் பிள்ளையின் பழைய ஸ்கூல் பேக்கை முதுகில் மாட்டிக்கொள்ளுங்கள். போன், மருந்து, மூடி இறுக்கமான போத்தலில் தண்ணீர் எல்லாம் அதற்குள். தேத்தண்ணியைப் பிளாஸ்கில் ஊற்றி நீங்கள் உட்காரும் இடத்திலேயே வைக்கட்டும். கொதிக்கும் சட்டியை இறக்கும் வேலை மட்டும் வேறு யாராவது செய்யட்டும். உட்கார்ந்தபடி மாப் பிசையலாம், சம்பலுக்கு வெங்காயம் நறுக்கலாம்.

மகனைத் தூக்க முடியாது, அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஆனால் நீங்கள் கட்டிலில் உட்கார்ந்த பிறகு அவனே ஏறி மடிக்கு வரலாம். கோலை எடுத்துத் தருவது உன் வேலை என்று ஒரு பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். நாலு வயதுப் பிள்ளைகள் அதில் மிகவும் கண்டிப்பானவர்கள்.

இன்னும் ஒரு மாதமளவுக்கு உங்கள் முக்கிய வேலை காலைத் தூக்கி வைப்பது. தொங்கவிட்டால் விரல்கள் வீங்கிக் கருநீலமாகும். படுத்து, இரண்டு மூன்று தலையணை வைத்துப் பாதம் நெஞ்சைவிட உயரத்தில் இருக்கட்டும். மணிக்கு ஒரு தடவை விரல்களை ஆட்டுங்கள், முழங்காலை மடக்கி நீட்டுங்கள். உங்கள் ஊர்க் குளிரில் விரல் சில்லிடுவது இயல்புதான். அதனால் எப்போதும் மற்றக் காலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரிக் குளிர்ந்தால் விரல்மேல் ஒரு மேசு (காலுறை) மாட்டினால் போதும். ஆனால் தூக்கி வைத்த பிறகும் இந்தக் கால் மட்டும் வெளுத்தோ நீலம் பாரித்தோ இருந்தாலும், விரல் மரத்துப்போனாலும், மருந்துக்கும் அடங்காமல் வலி ஏறிக்கொண்டே போனாலும், மாவுக்கட்டுக்குள்ளிருந்து நாற்றம் வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி. கெண்டைக்கால் இறுக்கி வலிப்பது, திடீரென்று மூச்சு முட்டுவது, நெஞ்சு குத்துவது இரத்தக்கட்டியின் அறிகுறியாக இருக்கலாம். 1990-க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அது ரோட்டுக்குத்தான் வரும். அதனால் கதிரையோடு உங்களைத் தூக்கி இறக்கக்கூடிய இரண்டு ஆட்களின் நம்பர் இப்போதே போனில் இருக்கட்டும்.

பக்கத்து லயத்தில் ஒருவருக்கு நாலு கிழமையில் சரியாகிவிட்டது என்று யாராவது சொன்னால் கேட்டு ஏமாறாதீர்கள். அந்தச் சுண்டுவிரல் எலும்பு எந்த இடத்தில் முறிந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அடிநுனியில் பெயர்ந்தால் சீக்கிரம் நடக்கவிடுவார்கள். அதற்குச் சற்று முன்னால் குறுக்கே முறிந்தால் அங்கே இரத்த ஓட்டம் குறைவு, மெதுவாகத்தான் கூடும். 1902-இல் ரொபர்ட் ஜோன்ஸ் என்ற எலும்பு மருத்துவர் நடனமாடும்போது தன் சொந்தப் பாதத்தில் இந்த எலும்பை முறித்துக்கொண்டு அதைப் பற்றி எழுதினார். இன்றும் அந்த முறிவுக்கு அவர் பெயர்தான். உங்களுக்கு ஊன்றவே கூடாது என்று சொல்லியிருப்பதால், அதை அப்படியே கேளுங்கள். கட்டைக் கழற்றி எண்ணெய் போட்டு உருவலாம் என்று யார் கூப்பிட்டாலும் போக வேண்டாம்.

சாப்பாட்டில் முட்டை, பருப்பு, பால், முள்ளோடு நெத்தலிக் கருவாடு. தேத்தண்ணியைச் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள், சாயம் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் இந்த நாட்களிலாவது விடுங்கள். நிக்கொட்டின் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை.

மலைக்குப் போக முடியுமா என்று கேட்டீர்கள். போகலாம், ஆனால் கட்டு வெட்டிய மறுநாள் இல்லை. எக்ஸ்ரே பார்த்து ஊன்றலாம் என்று சொன்ன பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் கூட்ட வேண்டும். டிஸ்பென்சரியில் எடை பார்க்கும் மெசினில் அந்தக் காலை மட்டும் வைத்து அழுத்திப் பார்த்தால் 10 கிலோ எப்படி இருக்கும் என்று காலுக்குப் புரியும். ஒரு கோலுக்கு மாறும்போது அதை வலது கையில் பிடியுங்கள், இடது கால் நோகிறது என்று இடது கையில் அல்ல. நொண்டாமல் அரை மணி நேரம் சமதரையில் நடந்து, இடது காலில் மட்டும் பத்து எண்ணும்வரை நின்று, அந்த 40 படியையும் மாறி மாறிக் கால் வைத்து ஏறி இறங்க முடிந்த பிறகு மலையைப் பற்றிப் பேசலாம். முதலில் சரிவு குறைந்த மலையாகக் கேளுங்கள். அரைப் பேரோடு, அதாவது அரை நாள் வேலையோடு தொடங்க விட்டால் அதற்கும் சம்மதியுங்கள். விழுந்தது வேலைக்குப் போகும் வழியிலோ வேலை நேரத்திலோ என்றால், 1934-ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுச் சட்டத்தில் உங்களுக்கு ஏதும் கிடைக்குமா என்று தொழிற்சங்கத்தில் இப்போதே கேளுங்கள். ஆஸ்பத்திரித் துண்டுகளை மழை படாத பொலித்தீன் உறையில் பத்திரமாக வையுங்கள், எக்ஸ்ரே எடுக்கும் நாளில் அவற்றையும் கையோடு கொண்டுபோங்கள்.