மொறிஸ் மைனரின் பின் டிபரன்சலை மாற்றுவதென்றால் 3.9ஆ, 3.7ஆ?

உங்களிடம் 1967ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000 இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் அதிலேயே போய்வருகிறீர்கள். 80 கிலோமீற்றரைத் தொட்டால் எஞ்சின் கத்துகிறது, பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்பதில்லை. பின் டிபரன்சலை மாற்றினால் சரிவருமா, 3.9 போடுவதா 3.7 போடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த எண், பின் சில்லுகள் ஒரு சுற்று சுற்ற, கியர் பெட்டியிலிருந்து பின்னுக்கு வரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது. எண் குறைந்தால் அதே வேகத்தில் எஞ்சின் மெதுவாகச் சுற்றும், இழுவையும் குறையும்.

எஞ்சின் 1098 சிசி என்றால் 3.9 போடுங்கள். 948 என்றால் 4.22ஐவிடக் குறைந்த எண்ணுக்கு ஆசைப்படாதீர்கள். 3.7 என்பது 1275 எஞ்சின் ஏற்றியவர்களுடைய பாடு. நானும் இதே காரில் இந்த வேலையை முதலில் பிழையாகவும் பிறகு சரியாகவும் செய்தவன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பொனற்றைத் திறந்து எஞ்சின் நம்பர் தகட்டைப் பாருங்கள். 1967 கார் என்றால் தொழிற்சாலையில் 1098 எஞ்சினும் 4.22 டிபரன்சலும்தான் போட்டிருப்பார்கள். ஆனால் நம் நாட்டில் பழைய ஸ்ரீ நம்பர் தகடு போட்ட கார் ஒன்று இத்தனை வருடத்தில் எத்தனை கை மாறியிருக்கும், எத்தனை எஞ்சின் மாறியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? நம்பர் 10எம்ஏ என்று தொடங்கினால் 1098. 9எம் என்று தொடங்கினால் 948.

அடுத்தது இப்போது பின்னுக்கு என்ன இருக்கிறது என்பது. நான் வாங்கின புதிதில் கொக்குவிலில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோய், "அண்ணை, இதுக்கு 3.9 போட வேணும்" என்றேன். அவர் காருக்குக் கீழே குனிந்துகூடப் பார்க்கவில்லை. "இப்ப என்ன கிடக்கு எண்டு தெரியுமோ? எண்ணிப் பாக்காமல் ஒண்டையும் கழட்டாதையும் தம்பி" என்றார். எண்ணுவது சுகம். ஒரு பின் சில்லை மட்டும் ஜக் போட்டுத் தூக்குங்கள். மற்றச் சில்லு நிலத்தில் இருக்கட்டும், முன் சில்லுகளுக்குக் கல் வையுங்கள். கியரை நியூட்ரலில் விட்டு ஹான்ட் பிறேக்கை இறக்குங்கள். புரொப்பெல்லர் ஷாஃப்டிலும் ரயரிலும் சோக்கட்டியால் ஒவ்வொரு கோடு. தூக்கின சில்லைக் கையால் 20 சுற்று சுற்றுங்கள், இன்னொருவர் ஷாஃப்டின் சுற்றை எண்ணட்டும். ஒரு சில்லு மட்டும் சுற்றும்போது டிபரன்சலுக்குள் இருக்கும் பெரிய பற்சக்கரமான கிரவுன் வீல் அதில் பாதிதான் சுற்றும் என்பதால், சில்லின் 20 சுற்று கிரவுன் வீலுக்கு 10 சுற்று. ஷாஃப்ட் 42 சுற்றுக்குக் கொஞ்சம் மேலே வந்தால் 4.22. 45 அரை வந்தால் 4.55. என் காரில் 45 அரை வந்தது. அதாவது 1098 எஞ்சினுக்குப் பின்னால் யாரோ பழைய 948 காரின் டிபரன்சலைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள். கார் ஏன் மாங்குளம் தாண்டும்போது அப்படி அலறியது என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

மூன்றாவது, ரயர். புத்தகத்தில் இருக்கும் அளவை நம்பாமல் நீங்களே அளவுங்கள். ரயரில் கோடு போட்டு, ஆள் உட்கார்ந்திருக்க, சீமெந்துத் தரையில் காரை ஒரு சுற்று உருட்டி, நிலத்தில் எவ்வளவு தூரம் என்று டேப் பிடியுங்கள். என்னுடைய 145 ஆர் 14 ரயர் 1.82 மீற்றர் ஓடியது. இதை 60ஆல் பெருக்கி டிபரன்சல் எண்ணால் வகுத்தால், டொப் கியரில் எஞ்சினின் ஒவ்வொரு 1,000 சுற்றுக்கும் மணிக்கு எத்தனை கிலோமீற்றர் என்று வரும். மைனரின் டொப் கியர் நேரடி ஒன்றுக்கு ஒன்று என்பதால் வேறு கணக்குத் தேவையில்லை.

4.55 போட்டால் 1,000 சுற்றுக்கு 24 கிலோமீற்றர். 4.22க்கு 25.9. 3.9க்குச் சரியாக 28. 3.7 என்று சொல்வது உண்மையில் 3.727, அதற்கு 29.3. ஆக நீங்கள் கேட்ட 80 கிலோமீற்றரில் எஞ்சின் 4.55இல் 3,333 சுற்றும், 4.22இல் 3,090, 3.9இல் 2,857, 3.7இல் 2,730 சுற்றும் சுற்றும். 3.9க்கும் 3.7க்கும் நடுவே வித்தியாசம் 130 சுற்றுக்குள்தான். காதுக்கு அது பெரிதாகத் தெரியாது. 4.55இலிருந்து 3.9க்கு வந்தால்தான் காரே மாறிப்போனது போல் இருக்கும். உங்களிடம் இப்போது இருப்பது 4.22 என்றால், கத்தல் குறையும், ஆனால் பாதியாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். சைலன்சர், கதவு ரப்பர், கால்மிதிக்குக் கீழே இருக்கும் ஃபெல்ற் இதையெல்லாம் முதலில் பாருங்கள். அது மலிவான வேலை.

சத்தக் கணக்கு இவ்வளவுதான். இதோடு நிறுத்திவிட்டு 3.7ஐத் தேடி அலைபவர்கள் நிறையப் பேர். இழுவைக் கணக்கை யாரும் பார்ப்பதில்லை.

1098 எஞ்சினின் உச்ச முறுக்குவிசை, அதாவது சுழற்றும் பலம், 2,500 சுற்றில் 60 பவுண்ட் அடி, நமது அளவில் 81 நியூட்டன் மீற்றர். 948க்கு 50 பவுண்ட் அடி, 68 நியூட்டன் மீற்றர். இந்த எண்ணை டிபரன்சல் எண்ணால் பெருக்கிப் பாருங்கள், டொப் கியரில் பின் அச்சுக்கு எவ்வளவு இழுவை போகிறது என்று தெரியும். தொழிற்சாலை விற்ற 948 கார், 4.55 டிபரன்சலோடு, 309. தொழிற்சாலை விற்ற 1098 கார், 4.22ஓடு, 342. இப்போது 1098க்கு 3.9 போட்டால் 316. அதாவது 3.9 போட்ட 1098 கார், டொப் கியரில் பழைய 948 காரைவிட ஒரு துளி கூடவே இழுக்கும். அந்த 948 காரில்தான் நமது தாத்தாமார் குடும்பத்தோடும் பலாப்பழத்தோடும் நாடு முழுக்க ஓடித் திரிந்தார்கள். ஆகவே 3.9 கனவுக் கணக்கு இல்லை. 3.7 போட்டால் 302, அது அந்தக் கோட்டுக்குக் கீழே போகிறது. 948க்கு 4.22 போட்டால் 287. 803 சிசி எஞ்சினோடு 5.286 டிபரன்சல் வைத்து விற்ற பழைய சீரீஸ் 2 காருக்கும் ஏறத்தாழ அதுதான், சமாளிக்கலாம். ஆனால் 948க்கு 3.9 போட்டால் 265. எந்த மைனரும் அப்படி வரவில்லை. சின்ன ஏற்றத்துக்கும் மூன்றாம் கியர், எதிர்க்காற்று அடித்தாலும் மூன்றாம் கியர் என்று ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். மூன்றாம் கியர் 1.412, அதில் 60 போனாலே எஞ்சின் 3,000 சுற்றைத் தாண்டும். சத்தத்தைக் குறைக்கப் போய்ச் சத்தத்தை வாங்கின கதைதான். எம்ஜி மிட்ஜெட் என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் காரின் 1275 எஞ்சின் 72 பவுண்ட் அடி தருவது, அதற்கு 3.7 போட்டாலும் 365 வரும். அதனால்தான் அது அவர்கள் பாடு என்றேன்.

இன்னொரு பொருத்தமும் உண்டு. நமது வீதிகளில் ஊர்மனைக்கு வெளியே காருக்கான வேக எல்லை 70 கிலோமீற்றர். 3.9 டிபரன்சலும் 1.82 மீற்றர் ரயரும் சேர்ந்தால் 70இல் எஞ்சின் சரியாக 2,500 சுற்று. 1098 எஞ்சின் மிக நன்றாக இழுக்கும் இடமும் அதுதான். யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை, ஆனால் ஏ9 வீதியில் ஓட்டிப் பார்த்தால் தெரியும், எஞ்சின் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. கொழும்புக்குத் தெற்கே 2011இல் திறந்த அதிவேக நெடுஞ்சாலையில் 100 வரை போகலாம்தான், 3.9இல் அது 3,570 சுற்று. எஞ்சின் செய்யும். ஆனால் 83.72 மில்லிமீற்றர் நீள ஸ்ட்ரோக், மூன்றே மூன்று மெயின் பெயரிங், நாலு பக்கமும் டிரம் பிறேக். நான் இடப் பக்கத்தில் 85இல் போகிறவன்.

சரி, மலை. நீங்கள் கண்டிப் பக்கம் போகிறவரா? நான் 3.9 போட்ட பிறகு கடுகண்ணாவை ஏற்றத்தில் மூன்றாம் கியருக்கு முன்பைவிட முந்தியே மாற்ற வேண்டியிருக்கிறது, முழங்கை வளைவுகளில் இரண்டாம் கியர். ரம்பொடைப் பக்கம் நாலு பேரோடு ஏறினால் இரண்டாவதே கதி. முதலாம் கியரில் புறப்படும்போது கிளச்சைக் கொஞ்சம் கூடத் தேய்க்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை என்றால் பரவாயில்லை. கண்டியிலேயே வீடு இருந்தால் நான் 4.22ஐ விட்டு அசைய மாட்டேன். காசு இருந்தால் ஃபோர்ட் டைப் 9 ஐந்து கியர் பெட்டி போட்டு டிபரன்சலைத் தொடாமல் விடுவேன். அதன் ஐந்தாம் கியர் 0.82, 4.22ஓடு சேர்ந்தால் 3.46 போட்ட மாதிரி. கீழ்க் கியர்களின் பலம் அப்படியே இருக்கும்.

இனி என் பிழை. மைனருக்கும் எம்ஜி மிட்ஜெட்டுக்கும் டிபரன்சல் பெட்டி ஒரே மாதிரி, முழுப் பெட்டியாகக் கழற்றி மாற்றலாம். பிந்திய 1275 மிட்ஜெட்டில் 3.9, கடைசி 1500 மிட்ஜெட்டில் 3.7. அதைத் தேடிக் கொழும்பில் பழைய வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் ஒரு கடை வாசலில் நின்றேன். பெட்டி ஒன்று கிடந்தது. விரலால் தடவித் தடவிக் கிரவுன் வீலின் பற்களை எண்ணினேன், 41. வீட்டில் எழுதி வைத்த தாளில் 3.7 என்றால் 11க்கு 41 என்று இருந்தது. அரிய சாமான் கிடைத்துவிட்டது என்று பேரம்கூடப் பேசாமல் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கராஜ் அண்ணை பார்த்தார், கிரவுன் வீலைச் சுற்றும் சின்னப் பற்சக்கரமான பினியனைத் திருப்பினார், 9 பல். 9க்கு 41 என்பது 4.55. என் காரில் ஏற்கெனவே இருந்த அதே சாமான்! இரண்டுக்கும் கிரவுன் வீலில் 41 பல்தான், பினியனில்தான் விசயம். கடைக்காரரில் பிழை சொல்ல முடியாது, அவர் ஒன்றும் சொல்லி விற்கவில்லை. நீங்கள் வாங்கும்போது இரண்டையும் எண்ணுங்கள். 4.22 என்றால் 9க்கு 38, 3.9 என்றால் 10க்கு 39. ஷாஃப்ட் வந்து பூட்டும் ஃபிளான்ஜின் துளைகள் உங்கள் ஷாஃப்டுக்கு ஒத்துவருகிறதா என்றும் பாருங்கள். கிரவுனையும் பினியனையும் வேறு வேறு பெட்டியிலிருந்து சேர்க்க நினைக்கவே வேண்டாம், அவை சோடியாகத் தேய்ந்தவை. சோடி மாறினால் ஊளையிடும்.

பூட்டுவது ஒரு நாள் வேலை. ஒயிலை வடிக்க முன்னர் ஊற்றும் வாயின் மூடி கழருகிறதா என்று பாருங்கள். வடித்துவிட்டு அது இறுகியிருப்பதைக் கண்டால் காரை அசைக்க முடியாது. டிரம்மைக் கழற்றி, ஒற்றை ஸ்க்ரூவை எடுத்தால், டிபரன்சலிலிருந்து சில்லுக்குப் போகும் அரை ஷாஃப்ட் வெளியே வந்துவிடும். அங்கே இருக்கும் கடதாசி காஸ்கற்றையும் ஓ ரிங்கையும் புதிதாகவே போடுங்கள். பழசைப் போட்டால் ஒயில் பிறேக் சூவில் இறங்கும். அச்சின் மேலே ஒரு சின்ன மூச்சு வழி இருக்கும், மண் அடைத்திருந்தால் குத்திவிடுங்கள், அது அடைத்தாலும் ஒயில் அதே இடத்துக்குத்தான் போகும். 90ஆம் இலக்க ஹைப்போயிட் ஒயில் 0.85 லீற்றர் போதும்.

பூட்டின முதல் மாதம் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. கார் அமைதியாகிவிட்டது, வவுனியா வரை மனைவி முன்பக்கத்தில் நித்திரை கொண்டார், அப்படி ஒருநாளும் நடந்ததில்லை. ஆனால் பெற்றோல் மட்டும் முன்பைவிடக் கூடக் குடிப்பது போல் கணக்கு வந்தது. கார்புரேட்டரைக் கழற்றி, ஊசியைப் பார்த்து, ஒன்றும் பிழையில்லை. பிறகுதான் உறைத்தது. மைனரின் ஸ்பீடோமீற்றர் கேபிள் கியர் பெட்டியில் இருந்து வருகிறது. ஷாஃப்ட் மெதுவாகச் சுற்றினால் மீற்றரும் குறைவாகத்தான் காட்டும், ஓடிய தூரத்தையும் சேர்த்து. 4.22இலிருந்து 3.9க்கு மாறினால் காட்டுவதை 1.08ஆல் பெருக்க வேண்டும், என்னைப்போல் 4.55இலிருந்து வந்தால் 1.17ஆல். பெருக்கிப் பார்த்தால் பெற்றோல் உண்மையில் கொஞ்சம் மிச்சம்தான்.

மீற்றரைத் திருத்திக் கொடுக்க ஆள் கிடைக்கும்வரை கைப்பேசியின் ஜிபிஎஸ்ஸைப் பார்த்து ஓட்டுங்கள். உங்கள் மீற்றர் 4.22க்குச் சரியாக இருந்து நீங்கள் 3.9 போட்டால், முள் 40 மைலில் நிற்கும்போதே கார் 70 கிலோமீற்றரில் போய்க்கொண்டிருக்கும். ஓமந்தைக்குக் கிட்ட ஒருநாள் கை காட்டி நிறுத்தினார்கள். "மீற்றரில 40தான் சேர் காட்டினது" என்றேன். காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இந்தக் கார் இவ்வளவு ஓடுமா?" என்று கேட்டுத் துண்டை எழுதிக் கையில் தந்தார்.